வழித்துணை கொடுத்த ஊர்

தை பிறக்கிற வாரத்தில் கரூரின் ஜவுளி ஏற்றுமதியாளர்கள் பலர் ஊரில் இருப்பதில்லை. வெங்கமேட்டிலும் தாந்தோணிமலையிலும் வாசல் தெளித்துப் பானை ஏற்றும்போது, வீட்டுக்காரர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து விடுதி அறையொன்றில் தூங்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கரூரில் பால் பொங்கும் காலை ஆறரை மணி, அங்கே பின்னிரவு இரண்டு மணி. பொங்கலைத் திரையில் பார்த்துவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு கண்காட்சித் திடலுக்குக் கிளம்பிவிடுவார்.

அவரை அங்கே இழுப்பது 'ஹைம்டெக்ஸ்டில்' என்னும் வீட்டு ஜவுளிக் கண்காட்சி. 1971 முதல் நடக்கிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தை ஒட்டியே வரும். 2025-இல் அது தொடங்கியதே ஜனவரி 14-ஆம் தேதி. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, துண்டு, மேசை விரிப்பு, தலையணை உறை என்று வீட்டுக்குள் புழங்கும் துணி எதுவானாலும், அதை நெய்பவரும் வாங்குபவரும் அந்த நான்கு நாட்களில் அங்கே இருக்க வேண்டும் என்பது தொழிலின் எழுதாத விதி. ஏறத்தாழ 3,000 நிறுவனங்கள் கடை விரிக்கின்றன. ஜவுளிக்காக ஒரு ஜனவரியிலும் புத்தகத்துக்காக ஓர் அக்டோபரிலும் நான் அந்த ஊருக்குப் போனேன். ஒரு நகரம் எண்ணூறு ஆண்டுகளாகச் சந்தை கூட்டியே வாழ முடியுமா, எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

விமான நிலையத்திலிருந்து நகர ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முதன்மை ரயில் நிலையம். அங்கே மாறி ஏறினால் இரண்டே நிறுத்தம், 'மெஸ்ஸே' என்றே பெயரிட்ட நிலையம், கண்காட்சித் திடலுக்கு உள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. கண்காட்சி நுழைவுச்சீட்டே அன்றைய ரயிலுக்கும் டிராமுக்கும் பயணச்சீட்டு. திடல் ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் இல்லை, ஊருக்கு நடுவில் இருக்கிறது. சுமார் ஆறு லட்சம் சதுர மீட்டர் பரப்பில், எண் போட்ட பெரும் மண்டபங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் நடைபாதைகள், கண்ணாடிச் சுவரிட்ட பாலங்கள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே மேல்கோட்டு இல்லாமல் நாள் முழுக்க நடக்கலாம். நடந்துதான் ஆகவேண்டும். வழுக்காத, பழகிய செருப்போ காலணியோ போட்டு வரச்சொல்லி முன்பே எச்சரித்திருந்தார்கள். மிகச் சரியான அறிவுரை.

வாசலில் 1991-இல் நிறுத்திய ஒரு கரும் உருவம். அமெரிக்கச் சிற்பி ஜோனதன் போரோஃப்ஸ்கி செய்தது. இருபது மீட்டருக்கு மேல் உயரமான தொழிலாளி, கையில் சுத்தியல். கை மெல்ல மேலேறி மெல்ல இறங்குகிறது. பின்னால் ஹெல்முட் யான் வடிவமைத்த கண்காட்சிக் கோபுரம். 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே உயரமான கட்டடமாக இருந்தது அது. கோட்டு சூட்டு போட்ட கூட்டம் உள்ளே போகும் வாசலில் ஓர் உழைப்பாளியை நிறுத்த வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே என்று எனக்கு நிறைவாக இருந்தது. உள்ளே விரித்திருக்கும் ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும் அப்படி ஒரு கை இருக்கிறது. கரூரில் அது தறி ஓட்டும் கை, தைக்கும் கை, பிசிறு வெட்டும் கை. அவற்றில் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

கரூர்க்காரர்களின் ஸ்டாலைத் தேடிப் போனேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கைத்தறி ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகம் சிறு நிறுவனங்களை ஒரு குழுவாகச் சேர்த்து அழைத்துவருகிறது. பெரிய நிறுவனங்கள் தனி இடம் பிடித்துக்கொள்கின்றன. மூன்று சுவர், ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவர் முழுக்க ஹேங்கரில் தொங்கும் சாம்பிள். கிச்சன் டவல், ஏப்ரன், அடுப்புக் கையுறை, நாற்காலி மெத்தை, மேசை நடுவே விரிக்கும் நீளத்துணி. ஐரோப்பியச் சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் கைக்குக் கிடைக்கும் பருத்தித் துணியில் கரூர்ச் சரக்கு எவ்வளவு என்பதை அங்கே நின்றால்தான் உணர முடிகிறது.

இந்த நான்கு நாளுக்கான வேலை ஆடி ஆவணியிலேயே தொடங்கிவிடும் என்றார் ஒரு மூத்த ஏற்றுமதியாளர். அடுத்த ஆண்டு எந்த நிறம் ஓடும், எந்தக் கட்டம் ஓடும் என்று ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் சொல்லும் போக்கைப் பார்த்து, நூலைச் சாயம் போட்டு, சிறு தறியில் சாம்பிள் நெய்து, துவைத்து, சுருங்குகிறதா என்று அளந்து, தைத்து, கார்த்திகையில் பெட்டி கட்டி அனுப்பிவிட வேண்டும். அத்தனையும் செய்து கொண்டுவந்ததில் பத்தில் ஒன்று ஆர்டர் ஆனால் அது நல்ல ஆண்டு.

"இத்தனை செலவு பண்ணி எதுக்குண்ணா வரணும்? படம் எடுத்து அனுப்பினால் போதாதா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, துணியைத் தொடாம யாருங்க ஆர்டர் குடுப்பாங்க? படத்துல எல்லாத் துணியும் நல்ல துணிதானுங்க" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். 'பையர்' எனப்படும் வாங்குபவர் வருகிறார், வணக்கம் சொல்கிறார், பேச்சு தொடங்கும் முன்பே கை துணிக்குப் போகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓரத்தைப் பிடித்து உருட்டுகிறார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். தையலைத் திருப்பிப் பார்க்கிறார். பிறகுதான் கேள்வி. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? கரிமப் பருத்தியா? சாயத்தில் நச்சு இல்லை என்பதற்கு ஓகோ-டெக்ஸ் சான்று உண்டா? தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும் விலை என்ன? குறைந்தது எத்தனை துண்டு எடுக்க வேண்டும்? கடைசியாக, சட்டென்று, வேறு தொனியில்: "உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?" இருபது முப்பது ஆண்டு உறவு அது. அப்பாவிடம் தொடங்கியது, இப்போது மகனிடமும் மகளிடமும் வந்திருக்கிறது. ஒரு கன்டெய்னர் சரக்கை முகம் தெரியாதவரிடம் ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது. ஆண்டுக்கு ஒருமுறை எதிரே உட்கார்ந்து காபி குடித்தால் வரும்.

சாயத்தைப் பற்றிய கேள்வி ஏன் இவ்வளவு அழுத்தமாக வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990-களின் நடுவில் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களைத் தோலில் படும் துணிகளுக்கும் தோல் பொருட்களுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. தமிழ்நாட்டின் ஜவுளியும் தோலும் அதிர்ந்தன. பழைய சாயங்களைத் தூக்கி எறிந்து, பரிசோதனைக் கூடங்களை ஏற்படுத்தி, தொழில் அதைத் தாண்டி வந்தது. ஆனால் வாங்குபவர் வீட்டுக் குழந்தையின் தோலுக்காக வந்த அந்த அக்கறை, சாயக்கழிவு கலந்த கரூரின் அமராவதி ஆற்றுக்கும் அதன் கரையில் கிணறு வைத்திருந்த விவசாயிக்கும் அதே வேகத்தில் வரவில்லை. அந்த ஆற்றை மீட்க வழக்கும் போராட்டமும் தேவைப்பட்டன. இன்று சில பையர்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் படத்தையும் கேட்கிறார்கள். கேட்கட்டும். துணியின் எடையைக் கேட்பதுபோல ஆற்றின் நிலையையும் அந்த மேசையில் கேட்கும் நாள் வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கண்காட்சிகள் காலாவதியாகிவிட்டன என்ற பேச்சு அவ்வப்போது எழும். பெருந்தொற்று அதைச் சோதித்துப் பார்த்தது. 2021 ஜனவரியிலும் 2022 ஜனவரியிலும் ஹைம்டெக்ஸ்டில் நடக்கவில்லை. 2020 அக்டோபரில் புத்தகக் கண்காட்சி மண்டபங்களில் கடை விரிக்கவில்லை. எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். பழைய உறவுகள் அதில் ஒருவாறு ஓடின, புதிய உறவு முளைப்பது அரிதாக இருந்தது. கதவு திறந்ததும் கூட்டம் திரும்ப வந்தது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு மொத்தம் 50 சதவீதம் வரி என்று அறிவித்தபோது, கரூருக்கும் திருப்பூருக்கும் ஐரோப்பாவின் இந்த வாசல் முன்னைவிட முக்கியமாயிற்று.

மாலையில் மண்டபம் மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். விடுதிகளின் வாடகை அந்த வாரங்களில் பல மடங்காகிவிடும். கரூர்க்காரர்கள் பலர் மைன்ட்ஸ், ஓஃபன்பாக், ஹனாவ் என்று பக்கத்து ஊர்களில் தங்குகிறார்கள், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொண்டுவந்த பொடியையும் ஊறுகாயையும் வைத்துச் சோறு வடித்துக்கொள்கிறார்கள். இது புதிய பழக்கம் இல்லை. நடுக்காலத்திலேயே ஃபிராங்க்ஃபர்ட் மக்கள் சந்தை நாட்களில் தங்கள் வீட்டு அறைகளை வணிகர்களுக்கு விட்டு வருமானம் பார்த்தவர்கள்தாம்.

அந்த நடுக்காலத்துக்குப் போக, டிராம் ஏறி ரோமர் சதுக்கத்தில் இறங்கினால் போதும். படிக்கட்டு வடிவ முகப்புகள் கொண்ட நகர மன்றம். 1405-இல் ஒரு வணிகரிடமிருந்து நகரம் இந்த வீட்டை வாங்கியது. நகராட்சி மன்றம் மேலே கூடியது, கீழ்த்தளத்தில் சந்தை நாட்களில் கடை நடந்தது. நாலு எட்டு வைத்தால் மைன் ஆறு. ரைனில் ஏறி மைன்ட்ஸ் வழியாக வந்த படகுகள் சரக்கு இறக்கிய கரை அது.

1240-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இத்தாலியில் படையோடு இருந்த பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வருகிற எவரும், வரும்போதும் திரும்பும்போதும், பேரரசின் பாதுகாப்பில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் மறிக்கவோ தொல்லைப்படுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். இடம் கொடுத்தது, வரி குறைத்தது என்பதையெல்லாம்விட எனக்கு இது பெரிதாகப் பட்டது. வழிப்பறியும் சிற்றரசர்களின் சுங்கச்சாவடியும் நிறைந்த காலத்தில், வணிகனுக்குக் கடையைவிட வழிதான் பயம். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அவன் எங்கிருந்தும் வருவான். ஃபிராங்க்ஃபர்ட் விற்ற முதல் சரக்கு வழித்துணை. நியூரம்பர்க் வணிகர்களோடு ஆயுதம் தாங்கிய காவலர் வந்து, நகர எல்லையில் இன்னொரு காவற்படையிடம் ஒப்படைப்பார்கள். 1330-இல் இன்னொரு பேரரசர் வசந்த காலச் சந்தைக்கும் அனுமதி கொடுத்தார். ஆண்டுக்கு இரண்டு சந்தை. ஒன்றில் கொடுத்த கடனை இன்னொன்றில் தீர்க்கலாம். வெவ்வேறு ஊர்க் காசுகள் குழப்பியதால், 1585-இல் வணிகர்கள் கூடி மாற்று விகிதங்களை ஒழுங்குபடுத்தினார்கள். ஃபிராங்க்ஃபர்ட் பங்குச்சந்தை தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. இன்று நகரத்தின் வானத்தை மறைக்கும் வங்கிக் கோபுரங்களின் வேர் அந்தச் சந்தை மேசைகளில் இருக்கிறது.

ரோமர் நகர மன்றத்தில் ஆண்டுதோறும் நடந்த ஒரு சடங்கு தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் நெருக்கமானது. வோர்ம்ஸ், நியூரம்பர்க், பாம்பர்க் நகரங்களின் பிரதிநிதிகள் குழலூதிகள் முன்னே வர ஊர்வலமாக வந்து, நகரத் தலைவரிடம் காணிக்கை வைப்பார்கள். அதற்கு ஈடாக அந்த ஊர் வணிகர்களுக்குச் சுங்க விலக்கு. காணிக்கை என்ன? ஒரு ஜோடிக் கையுறை, ஒரு வெள்ளைக் கோல், ஒரு வெள்ளிக்காசு, கடைந்தெடுத்த மரக்கோப்பை நிறைய மிளகு. கோதே 1749-இல் இந்த ஊரில் பிறந்தவர். அவருடைய தாத்தா டெக்ஸ்டோர்தான் அந்தக் காணிக்கையைப் பெறும் பதவியில் இருந்தார். மன்றத்தில் வைத்த மிளகு கடைசியில் பாட்டியின் மசாலா இழுப்பறைக்குப் போய்ச் சேர்ந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் கோதே நினைவுகூர்கிறார். அந்தச் சடங்கு பிறந்த காலத்தில் மிளகு என்றால் மலபார்க் கரையில் பறித்துக் காயவைத்த மிளகு. அரபிக்கடல், செங்கடல், வெனிஸ், ஆல்ப்ஸ் மலை என்று எத்தனையோ கை மாறி வந்து, ஒரு ஜெர்மன் நகரத்தில் நல்லெண்ணத்தின் அடையாளமாக மேசையில் அமர்ந்திருக்கிறது.

வழித்துணை தந்த அந்த ஊரே அதை மீறிய கதையும் கண்காட்சித் திடலுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதுவது நேர்மை ஆகாது.

திடலின் பழைய மண்டபம் 'ஃபெஸ்ட்ஹால்லே'. ஃபிரெடரிக் ஃபான் தீர்ஷ் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்டது. எஃகும் கண்ணாடியும் சேர்ந்த பெரும் குவிமாடம். அந்த ஆண்டே இங்கே வானூர்திக் கண்காட்சி ஒன்று நடந்து, மனிதன் பறக்கத் தொடங்கியதை மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1938 நவம்பரில், யூதர்களின் வழிபாட்டிடங்களுக்கும் கடைகளுக்கும் தீ வைத்த அந்த இரவுக்குப் பிறகு, ஃபிராங்க்ஃபர்ட்டின் யூத ஆண்களைப் பிடித்து இந்த மண்டபத்தில்தான் அடைத்தார்கள். இங்கே இழிவுபடுத்தி, அடித்து, இங்கிருந்து புகன்வால்டு, டாஹாவ் வதைமுகாம்களுக்கு ரயில் ஏற்றினார்கள். நகர ஓபராவில் பாடிவந்த ஹான்ஸ் எர்ல் என்ற பாடகரை அந்தக் கூட்டத்தின் நடுவே பாடச்சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். அவர் பாடியது மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவிலிருந்து, பழிவாங்குதலுக்கு இடமில்லாத புனித அரங்கைப் பற்றிய பாடல். 1942-இல் அவரும் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பல நூற்றாண்டுகளாக இந்த ஊரின் சந்தையைத் தாங்கியவர்களில் யூத வணிகர்களும் உண்டு. ரோத்ஸ்சைல்டு குடும்பத்தின் மூதாதை மேயர் ஆம்ஷெல் இந்த ஊரின் யூதத் தெருவில்தான் பழைய நாணயங்களை விற்றுத் தொழில் தொடங்கினார். வெளியூர்க்காரனுக்கு வழித்துணை எழுதிக்கொடுத்த நகரம் தன் சொந்த அண்டை வீட்டுக்காரனைக் கைவிட்டது.

மண்டபத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதைக் கடந்துபோகிறார்கள். நான் நின்று படித்தேன். பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு நடுவயதுப் பெண்ணும் நின்று படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகும் தமிழர் எவரும் அந்த மண்டபத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். 1980-களில் போருக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் இன்று ரயிலில் நமக்கு எதிரே உட்கார்ந்து ஜெர்மனும் தமிழும் கலந்து பேசுகிறார்கள். பாதுகாப்பான வழி என்பது வணிகனுக்கு மட்டும் தேவையான ஒன்றில்லை.

அக்டோபரில் அதே திடல் வேறு ஊர்போல இருந்தது. மடித்த துணிகள் இருந்த இடத்தில் புத்தகங்கள். ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் 4,000-க்கும் மேற்பட்டோர் கடை விரிக்கிறார்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். பக்கத்து ஊரான மைன்ட்ஸில் குட்டன்பர்க் அச்சடித்துக்கொண்டிருந்த நாளிலேயே இந்த உறவு தொடங்கியது. 1454 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்திருந்த இத்தாலிய அறிஞர் ஒருவர், பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர், அச்சிட்ட விவிலியத்தின் தாள்களைப் பற்றி ஒரு கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்கு எழுத்து தெளிவு என்றும், வேலை முடியும் முன்பே பிரதிகளுக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்றும் வியந்தார். 1564-இல் ஆக்ஸ்பர்க் புத்தக வணிகர் கேயோர்க் வில்லர் சந்தைக்கு வரும் நூல்களின் பட்டியலை அச்சிடத் தொடங்கினார். என்ன புத்தகம் வந்திருக்கிறது என்று ஐரோப்பா முழுக்க அறிஞர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். பிறகு பேரரசின் தணிக்கைக்காரர்கள் கடை கடையாக மூக்கை நுழைத்தார்கள். பதிப்பாளர்கள் மெல்ல லைப்ஸிக் நகரத்துக்கு நகர்ந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிராங்க்ஃபர்ட்டின் புத்தகச் சந்தை அநேகமாக அணைந்தே போயிற்று. அச்சத்தோடு வர வேண்டிய இடத்துக்குப் பதிப்பாளர் வரமாட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லைப்ஸிக் சோவியத் பகுதிக்குள் போய்விட, 1949 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டின் பவுல்ஸ்கிர்ஹே தேவாலயத்தில் 205 ஜெர்மன் பதிப்பாளர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். குண்டுவீச்சில் இடிந்த நகரம் முதலில் மீட்டெடுத்த கட்டடங்களில் ஒன்று அது. இன்றைய கண்காட்சி அங்கிருந்து வளர்ந்தது. எந்தச் சந்தையும் ஓர் ஊருக்கு நிரந்தரம் இல்லை என்பதை ஃபிராங்க்ஃபர்ட் நன்றாக அறியும். 1951 முதல் இங்கே நடந்த புகழ்பெற்ற மோட்டார் வாகனக் கண்காட்சி 2019-க்குப் பின் மியூனிக்குக்குப் போய்விட்டது.

புத்தகக் கண்காட்சியின் முதல் நாட்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு. வார இறுதியில் பொதுமக்களுக்கு வாசல் திறக்கும். அப்போது நம் தீவுத்திடல் பொருட்காட்சியின் கூட்டமும் குதூகலமும் அங்கே வந்துவிடும். ஜப்பானிய சித்திரக்கதை நாயகர்களைப்போல வண்ண முடியும் அட்டைக் கத்தியுமாக இளைஞர்கள் வருவார்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாக்கள் வருவார்கள், எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்க நீண்ட வரிசை நிற்கும். எனக்கு அந்த இரண்டு நாட்களும் பிடித்தன. ஆனால் புத்தகத்தின் தலைவிதி எழுதப்படுவது அதற்கு முந்தைய நாட்களில், இலக்கிய முகவர்களுக்கென்றே ஒதுக்கிய அரங்கில். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான சிறு மேசைகள். ஒரு சந்திப்புக்கு அரை மணி நேரம். கதையைச் சொல்ல வேண்டும், ஏன் இந்தக் கதை போலந்திலோ பிரேசிலிலோ படிக்கப்பட வேண்டும் என்று சொல்ல வேண்டும், அடுத்தவர் வந்து நிற்கும்போது எழுந்துவிட வேண்டும். அங்கே கையெழுத்தாவது அரிது. அங்கே தொடங்கிய பேச்சு மாதக்கணக்கில் கடிதங்களில் வளர்ந்து ஒப்பந்தமாகும்.

இந்தியா 1986-இல் இந்தக் கண்காட்சியின் மையப்பொருளாகவும் 2006-இல் சிறப்பு விருந்தினர் நாடாகவும் இருந்தது. ஜெர்மன் அச்சுக்கும் தமிழுக்கும் உறவு அதைவிடப் பழையது. 1713-இல் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்தன. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அவற்றைக் கொண்டு அச்சடித்தார். இன்று அந்தத் திசை திரும்பி, நம் புத்தகம் அங்கே போக வேண்டியிருக்கிறது. காலச்சுவடு பதிப்பகம் பல ஆண்டுகளாக ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய் உரிமைகளை வாங்கியும் விற்றும் ஒரு தடம் போட்டிருக்கிறது. ஹைடல்பர்க்கில் 'திரௌபதி' என்ற பெயரிலேயே ஒரு பதிப்பகம் இந்திய மொழி இலக்கியங்களை ஜெர்மனில் வெளியிடுகிறது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கிலத்தில் 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே 2023 ஜனவரியில் தமிழக அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. விற்பனைக்கு இல்லாமல் மொழிபெயர்ப்பு உரிமைப் பேச்சுக்கென்றே மேசை போட்டது, அத்தோடு மொழிபெயர்ப்புக்கு நல்கையும் அறிவித்தது. அண்மைக்காலத்தில் தமிழ் எழுத்துக்காக அரசு செய்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

வெள்ளிக்கிழமை மாலை, இந்திய அரங்கின் ஓரத்தில் ஒரு தமிழ்ப் பதிப்பாள நண்பரோடு உட்கார்ந்திருந்தேன். அன்று அவருக்கு மூன்று சந்திப்புகள். இத்தாலியப் பதிப்பகத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஒரு நாவலின் சுருக்கத்தைக் கேட்டு உண்மையிலேயே ஆர்வமானார், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஆங்கிலத்தில் முப்பது பக்கம் அனுப்ப முடியுமா?" நண்பரிடம் அட்டைப்படம் இருந்தது, சுருக்கம் இருந்தது, விமர்சனங்கள் இருந்தன. முப்பது பக்கம் இல்லை. நல்கைகள் ஒப்பந்தம் ஆன பிறகு கிடைப்பவை. ஒப்பந்தத்துக்கு முன்னால் தேவைப்படும் இந்த முப்பது பக்கத்துக்கு யார் பணம் கொடுப்பது? கரூர்க்காரர் ஆர்டர் வரும் முன்பே தறி பூட்டிச் சாம்பிள் நெய்கிறார். பதிப்பாளரும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. சிறிய தமிழ்ப் பதிப்பகத்தின் வருமானத்தில் அது எளிது இல்லை.

"நூறு நாவலுக்கு முப்பது முப்பது பக்கம், நல்ல மொழிபெயர்ப்பில், முன்கூட்டியே தயாராக இருந்தால் போதும்" என்றார் நண்பர். பேசப் பேச அவருக்கே உற்சாகம் வந்தது. எந்த நூறு என்று பட்டியல் போட ஆரம்பித்தோம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் தொடங்கி, பூமணி, இமையம் என்று பெயர்கள் வந்தன. அவர் ஒரு தாளில் எழுதினார், நான் இரண்டொன்றுக்கு மறுப்பு சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மண்டபம் மூடப்போகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ரயிலில் பேசிக்கொள்ளலாம் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இத்தாலியப் பெண்மணிக்கு நவம்பர் முடிவதற்குள் முப்பது பக்கம் போக வேண்டும், மொழிபெயர்ப்பாளரிடம் அன்றிரவே பேசுவதாகச் சொன்னார்.